பெயர் செதுக்கப்படாதவர்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணின் விடுதலைப் போர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகஸ்ட் மாதம் வந்துவிட்டால் இந்த இரண்டு மாவட்டங்களிலும் உள்ள பள்ளிகளுக்கும் கிளை நூலகங்களுக்கும் பேசக் கூப்பிடுகிறார்கள். பேச்சு முடிந்த பிறகு எழும் கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. மேடையில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாத பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் பக்கம் சுதந்திரப் போராட்டமே நடக்கவில்லையா?

பென்னாகரம் பக்கத்துப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதைக் கேட்டபோது அவள் குரலில் ஒரு வருத்தம் இருந்தது. பாடப் புத்தகத்தில் தூத்துக்குடி வருகிறது, வேலூர் வருகிறது, வேதாரண்யம் வருகிறது. நம் பக்கம் என்றால் இரண்டே பெயர்கள்தான்: ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, பாப்பாரப்பட்டியில் 1925இல் கண்மூடிய சுப்பிரமணிய சிவா. ஒருவர் இங்கே பிறந்து வெளியே போனவர், மற்றவர் வெளியே பிறந்து இங்கே வந்தவர். நடுவில் இந்த மண்ணிலேயே பிறந்து, உழைத்து, இங்கேயே மாண்ட லட்சக்கணக்கானவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் அந்தப் பெண்ணின் கேள்வி.

நடந்தது, அம்மா. ஆனால் இங்கே கடல் இல்லை, துறைமுகம் இல்லை, பெரிய மில் இல்லை. மழையை நம்பிக் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளையும் பூமி. சுற்றிலும் மலையும் காடும். ஆங்கிலேய அரசு இந்த மக்களுக்குக் கவர்னராகத் தெரிந்ததே இல்லை. கிஸ்தி என்னும் நிலவரித் தவணை கேட்டு வந்தவராக, மாட்டைப் பிடித்துக் கட்டிய வனக்காவலராக, மரவரி கேட்ட கலால் சேவகராக, இரவில் ஆள் எண்ண வந்த போலீஸ்காரராகத்தான் தெரிந்தது. மோதலும் அந்த இடங்களில்தான் நடந்தது. தேடுகிறவர்கள் அங்கே போய்த் தேட வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயத்தையும் நினைவில் வையுங்கள். தருமபுரி தனி மாவட்டமானது 2 அக்டோபர் 1965இல். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 9 பிப்ரவரி 2004இல். அதற்கு முன்பு எல்லாமே சேலம் ஜில்லா. பழைய காகிதங்களில் "தருமபுரி மாவட்டம்" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதாலேயே ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விளிம்புநிலை மக்கள் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

பட்டா இல்லாத படியாட்கள் (படித் தானியக் கூலிக்குப் பண்ணையில் உழைத்தவர்கள்), தோட்டி, வெட்டியான், சலவைத் தொழிலாளி, முடிதிருத்துவோர், மலையாளிகள் என்னும் மலைப் பழங்குடியினர், இருளர், குறவர், லம்பாடிகள், மரமேறிகள், எஸ்டேட்டுக்குக் கப்பலேறியவர்கள். இவர்கள் எல்லோருடைய வீட்டுப் பெண்கள். சுருக்கமாகச் சொன்னால், மனு எழுத இன்னொருவர் கையை எதிர்பார்த்தவர்கள்.

இந்தக் கதை எந்த ஆண்டில் தொடங்குகிறது? 1857இலா, 1920இலா?

நம் பகுதியைப் பொறுத்தவரை 1792இல். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். பாராமகால் என்பது ஏறக்குறைய இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பகுதிகள். ஓசூர்ப் பக்கம் திப்பு வீழ்ந்த 1799இல் கைமாறியது. அலெக்சாண்டர் ரீடு முதல் கலெக்டர். அவருக்கு உதவியாளர்களாக வந்தவர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறை முளைவிட்டது நம் வயல்களில்தான். நிலத்தை அளந்து, தரம் பிரித்து, உழவனிடம் நேரடியாக வரி வசூலிக்கும் முறை அது.

மன்றோவை நல்லவர் என்று இன்றும் சொல்கிறார்கள். அவரது குணத்தைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த முறையில் "ரயத்து" என்று எழுதப்பட்டவன் பட்டாதாரன். அவன் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழுத படியாளின் பெயர் எந்தச் சிட்டாவிலும் ஏறவில்லை. மழை பொய்த்த ஆண்டிலும் கிஸ்தி பணமாக வேண்டும். பட்டாதாரன் தன் சுமையை இறக்கி வைக்கக் கீழே ஒரு முதுகு இருந்தது.

நிலமே இல்லாதவனும் தப்பவில்லை. தறிக்கும் கைத்தொழிலுக்கும் கடைக்கும் மொதர்பா என்ற வரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இருந்தது. இவற்றோடு வெட்டி வேலை. துரை முகாம் போட்டால் விறகு, வைக்கோல், கோழி, சுமை தூக்க ஆள் எல்லாம் ஊர் கொடுக்க வேண்டும், கூலி கிடையாது. இன்றைக்குப் பயனற்ற வேலையை "வெட்டி வேலை" என்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் கூலி கிடைக்காத ஒரு மனிதனின் நாள் முழுவதும் இருக்கிறது.

கட்டாதவர்களுக்கு என்ன நேர்ந்தது? 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்ததால் அமைக்கப்பட்ட குழு அது. வரி வசூலுக்குக் கையாளப்பட்ட முறைகளை அது பெயர் சொல்லி எழுதியது. கிட்டி என்பது இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் என்பது ஆளைக் குனிய வைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவது. சில சமயம் முதுகில் கல்லும் ஏற்றுவார்கள். குழு பழியைக் கீழ்மட்ட இந்தியச் சேவகர்கள் தலையில் போட்டது. வசூலான பணம் மட்டும் மேலே போனது.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் குழு முன் வந்து "என்னை இப்படிக் கட்டினார்கள்" என்று வாக்குமூலம் கொடுத்தவர்கள் எளிய குடியானவர்கள். நாளைக்கும் அதே தாசில்தாரின் ஆட்களிடம்தான் அவர்கள் திரும்பிப் போக வேண்டும். தெரிந்தும் சொன்னார்கள். என் கணக்கில் விடுதலைப் போரின் முதல் சாட்சிகள் அவர்கள்.

பஞ்சத்துக்கும் விடுதலைப் போராட்டத்துக்கும் என்ன தொடர்பு? பஞ்சம் இயற்கை அல்லவா?

மழை பெய்யாதது இயற்கை. மற்றவை ஆட்சி. 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். சேலம் ஜில்லா மிகக் கொடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை, 1881இல் ஏறக்குறைய 16 லட்சமாக இறங்கியது. பத்தாண்டுகளில் ஐந்து பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் கணக்கில் இல்லை. செத்தவர்கள் போக, பிழைப்புத் தேடி ஊரைவிட்டே போனவர்களும் அதில் அடக்கம்.

அந்த நேரத்தில் தானியம் துறைமுகம் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் கூலியை வெட்டினார். கல் உடைக்கும் ஆளுக்கு ஒரு பவுண்டு! கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த நம் ஊர் ஆட்களிடம் கேளுங்கள், அது எத்தனை உருண்டைக்குக் காணும் என்று சொல்வார்கள். "அரசாங்கம் நம்மைக் காப்பாற்றும்" என்ற நம்பிக்கை இந்தச் சீமையில் அந்த இரண்டு ஆண்டுகளில்தான் செத்தது. அந்தச் சாவு இல்லாமல் அடுத்த ஐம்பது ஆண்டுகளின் அரசியலைப் புரிந்துகொள்ள முடியாது.

குறவர்களையும் லம்பாடிகளையும் விடுதலைப் போராட்டத்தோடு சேர்ப்பது மிகைப்படுத்தல் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். கேள்வி பழைய போலீஸ் பதிவேட்டிலிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

குறவர்களில் ஒரு பிரிவினர் கடற்கரையிலிருந்து உப்பைக் கழுதை மேலும் மாட்டின் மேலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து, தானியத்துக்கு மாற்றியவர்கள். லம்பாடிகள் பொதிமாடுகளின் பெரும் கூட்டங்களோடு தானியம் சுமந்தவர்கள். 1791–92இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் போன காரன்வாலிசின் படையே அவர்கள் கொண்டுவந்த தானியத்தில்தான் சோறு தின்றது. பிறகு உப்பு அரசின் ஏகபோகமானது. 1860களில் மொரப்பூர் வழியாக ரயில் பாதை வந்தது. பொதிமாட்டுக்கு வேலை இல்லை. காட்டு மேய்ச்சலும் அடைபட்டது. ஒரு சமுதாயத்தின் பிழைப்பை மூன்று பக்கமும் அடைத்துவிட்டு, நான்காவது பக்கத்தில் போலீசை நிறுத்தினார்கள்.

1871இல் வட இந்தியாவுக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சேலம் ஜில்லாக் குறவர்கள் அதில் சிக்கினார்கள். பெயர் பதிய வேண்டும். கைரேகை கொடுக்க வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ ஊர்த் தலைவர் வீட்டிலோ போய் முகம் காட்ட வேண்டும். பிறந்த குழந்தையும் வளர்ந்தால் அதே பதிவேட்டுக்குத்தான் போகும். இன்றைக்கும் சீர்மரபினர் (அந்தச் சட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள்) பட்டியலில் "சேலம் மேல்நாட்டுக் குறவர்", "சேலம் உப்புக் குறவர்" என்ற பெயர்கள் இருக்கின்றன. அந்த "உப்பு" என்ற சொல்லைப் பாருங்கள். இழந்த தொழில் சாதிச் சான்றிதழில் மிச்சமிருக்கிறது.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் நீங்கியது. நாடு முழுவதும் நீங்கியது 31 ஆகஸ்ட் 1952இல்தான். இரவில் கையெழுத்துப் போடாமல் மகளின் பிரசவத்துக்குப் பக்கத்து ஊருக்கு ஓடிய ஒருவன் சட்டத்தை மீறியவன். காந்தியடிகள் உப்பு அள்ளியதும் சட்ட மீறல்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றை வரலாறு என்றும் மற்றதைக் குற்றம் என்றும் எழுதிய பேனா யாருடையது என்று மாணவர்கள் கேட்க வேண்டும்.

காட்டுக்குள் என்ன போராட்டம்?

1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் வரும்வரை தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், சித்தேரி மலை, வத்தல்மலைக் காடுகளில் விறகும் தேனும் கிழங்கும் மேய்ச்சலும் கேட்காமல் கிடைத்தன. சட்டத்துக்குப் பிறகு காடு "ரிசர்வ்" ஆனது. ஆடு உள்ளே போனால் அபராதம். மாடு பிடிபட்டால் பட்டியில் அடைத்து, மீட்கக் காசு. மலையில் காட்டை வெட்டி எரித்துச் சாமை விதைக்கும் புனக்காட்டு வேளாண்மை குற்றமானது.

இதற்கு மலைமக்கள் கொடுத்த பதிலில் கொடி இல்லை, கோஷம் இல்லை. தொடர்ந்து உள்ளே போனார்கள். பிடிபட்டால் அபராதம் கட்டினார்கள், இல்லையென்றால் சிறைக்குப் போனார்கள். வெளியே வந்ததும் மறுபடி உள்ளே போனார்கள். தங்கள் காடு தங்களுடையது என்று அவர்கள் ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

சுப்பிரமணிய சிவா ஏன் பாப்பாரப்பட்டியைத் தேர்ந்தெடுத்தார்? சாதாரண மக்களுக்கு அதில் என்ன பங்கு?

அவரை முதலில் தூத்துக்குடியில் பாருங்கள். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யோடு சேர்ந்து அவர்களிடம் பேசியவர் சிவா. தொழிலாளர்களுக்கு எதிராக நின்றவர்களுக்குச் சவரம் செய்ய முடியாது என்று நாவிதர்களும், துணி வெளுக்க முடியாது என்று வண்ணார்களும் மறுத்த ஊர் அது. எளிய மனிதன் தன் தொழிலை நிறுத்தினாலே பெரிய மனிதன் தடுமாறுவான் என்பதைச் சிவா கண்ணால் பார்த்தார். அடுத்த மாதமே கைதானார். நாடு கடத்தல் தண்டனை மேல்முறையீட்டில் ஆறு ஆண்டாகக் குறைந்தது. 1912இல் வெளியே வந்தபோது சிறையில் பற்றிய தொழுநோயும் கூடவே வந்தது.

தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்று அரசு அவரைத் தடுத்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906 முதல் ஒரு குறுகிய பாதை ரயில் ஓடிக்கொண்டிருந்தது; அவருக்கு அதுவும் இல்லை. நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் நண்பர்கள் துணையோடு நிலம் வாங்கிப் பாரதபுரம் என்று பெயர் வைத்தார். சாதி பார்க்காமல் எல்லோரும் வந்து வணங்கப் பாரத மாதா கோயில் ஒன்று கட்ட நினைத்தார். 1923இல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் எழுவதற்குள், 23 ஜூலை 1925இல், நாற்பது வயதில் சிவா மறைந்தார். இன்று அங்கே மணிமண்டபம் இருக்கிறது. அரசு எழுப்பிய பாரத மாதா நினைவாலயமும் இருக்கிறது.

மாணவர்களை அங்கே அழைத்துப் போகும்போது ஒரு கேள்வி கேட்பேன். ஊரில் தொழுநோய் என்றால் சொந்தக்காரனே திண்ணையில் உட்கார விடமாட்டான். அந்தக் காலத்தில், புண்ணோடு வந்த ஒரு மனிதருக்குக் களி கிண்டிக் கொடுத்தது யார்? துணியை வெளுத்தது யார்? வண்டியில் தூக்கி உட்கார வைத்தது யார்? போலீஸ் கண்காணிப்பில் இருந்த ஒருவரை வைத்திருந்தால் என்ன வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஊர் இடம் கொடுக்கவில்லை என்றால் பாரதபுரம் ஒரு வாரம் நின்றிருக்காது. மண்டபத்தில் சிவாவின் சிலை முன் நிற்கும் பிள்ளைகள் ஒரு நிமிடம் அந்தச் சமையல்காரரையும் நினைக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

உப்புச் சத்தியாகிரகம் கடற்கரைக் கதை. நமக்கு அதில் என்ன?

உப்பு கடலில் மட்டும் கிடைப்பதன்று. உப்பர், உப்பிலியர் எனப்பட்ட மக்கள் உவர்மண்ணைக் கரைத்து, வடித்து, காய்ச்சி உப்பு எடுத்தவர்கள். அரசின் உப்புத் துறை அந்தத் தொழிலைத் தடை செய்து ஒழித்தது. ஆகவே ஏப்ரல் 1930இல் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது, அவர் மீறப் போன சட்டம் நம் உள்நாட்டு ஏழைகளின் அடுப்பையும் அணைத்த சட்டம்.

அந்த நடைப்பயணத்தில் எனக்குப் பிடித்த ஆள் வைரப்பன். வேதாரண்யத்து நாவிதர். சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தவர் சத்தியாகிரகிகளை அடிக்க வந்த போலீஸ்காரர் என்று தெரிந்ததும், பாதிச் சவரத்தில் கத்தியை மடக்கிவிட்டார். சிறைக்கும் போனார். அவருக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. எல்லா ஊரிலும் ஒரு வைரப்பன் இருந்திருப்பான். தூண் கிடைத்தது அவருக்கு.

கள்ளுக்கடை மறியலில் மரமேறிகளின் வயிற்றில் அடித்தார்களே?

அடித்தார்கள். இதை மறைக்கக் கூடாது. கள், சாராய வருமானம் அரசுக்குப் பெரிய வருமானம். அதை நிறுத்துவது அரசை நிறுத்துவது என்று காங்கிரசார் கணக்குப் போட்டார்கள். பெரியார் சேலம் தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான ஐந்நூறு தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். அவருக்குத் தோப்பு இருந்தது, வெட்டினார். மரமேறிக்கு இருந்தது ஓர் ஏணியும் அரிவாளும் முட்டியும்தான். பனையும் ஈச்சமரமும் நிறைந்த நம் பகுதியில் எத்தனை குடும்பங்கள் அதை நம்பியிருந்தன!

ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவி) வந்ததும் 1 அக்டோபர் 1937இல் மதுவிலக்கை முதன்முதலில் அறிமுகப்படுத்தியது சேலம் ஜில்லாவில், அதாவது நம் ஊர்களில்தான். பெண்கள் மகிழ்ந்தார்கள். கூலிக் காசு முழுதாக வீடு வந்தது என்று என் பாட்டி அதை ஒரு திருவிழாவைப் போலச் சொல்வார். அதே தெருவில் மரமேறி ஒருவர் கல் உடைக்கப் போனார் என்பதையும் அவரேதான் சொன்னார். இரண்டும் உண்மை. விடுதலைக்கு விலை கொடுத்தவர்கள் பட்டியலில் அந்த மரமேறியும் வர வேண்டும். அவரை யாரும் கேட்டுவிட்டு எடுத்த விலை இல்லை அது.

தாழ்த்தப்பட்ட மக்கள் காங்கிரசை நம்பவில்லை, வெள்ளைக்காரன் பக்கம் நின்றார்கள் என்கிறார்களே?

இதைச் சொல்கிறவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க விடாதவன், கோயிலுக்குள் விடாதவன், "வா, நாம் சேர்ந்து அந்நியனை விரட்டுவோம்" என்றால், "விரட்டிய பிறகு கிணறு யாருடையது?" என்று கேட்பது துரோகமா? தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போனது அந்தக் கேள்வியோடுதான். 1932 பூனா ஒப்பந்தத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு மாகாண சபைகளில் 148 தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன, சென்னைக்கு 30. அதுவும் விடுதலைப் போராட்டம்தான். எதிரி இரண்டு பேராக இருந்ததால் போராட்டமும் இரண்டாக இருந்தது.

கிருஷ்ணகிரிக்கு வடக்கே, அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. 1880களில் ஆங்கிலேயக் கம்பெனி சுரங்கம் தோண்டியபோது தமிழ் மாவட்டங்களிலிருந்து பறையர் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகப் போயின. பூமிக்கடியில் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஆனாலும் ஆண்டையின் வெட்டி வேலையிலிருந்து தப்பிய இடம் அது. அதே தொழிலாளர்கள்தான் 1930இல் தங்களைக் கைரேகை வைத்துப் பதிவு செய்வதை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனியின் சுரங்கத்தையே நிறுத்தியவர்களை வெள்ளைக்காரன் பக்கம் நின்றவர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

எங்கள் கொள்ளுத்தாத்தா மலேயா போனவர், திரும்பவில்லை. அவருக்கும் போராட்டத்துக்கும் தொடர்பு இருக்குமா?

இருக்கலாம், தேடிப் பாருங்கள். ஆள்சேர்க்கும் கங்காணிகள் மூலம் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்களில் திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காட்டோடு சேலம் ஜில்லாக்காரர்களும் ஏராளம். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு இந்திய தேசிய ராணுவத்திலும் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்த எளிய தமிழர்களில் பலர் ரப்பர்ப் பால் வெட்டிய கைக்காரர்கள். இந்தியாவையே பார்க்காமல் தோட்டத்தில் பிறந்த பெண்களும் துப்பாக்கி எடுத்தார்கள். இன்னொரு புறம், ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் மடிந்தார்கள். கடிதம் 1942இல் நின்றுபோனது என்று உங்கள் வீட்டில் சொன்னால், இந்த இரண்டில் ஒன்றாகவும் இருக்கலாம்.

தியாகி பென்ஷன் வாங்காதவர் தியாகி ஆவாரா?

மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் 15 ஆகஸ்ட் 1972இல் வந்தது. பொதுவாகக் குறைந்தது ஆறு மாதச் சிறை. பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் மூன்று மாதம். சிறைச் சான்று வேண்டும், இல்லையென்றால் உடனிருந்த கைதியின் சான்று வேண்டும். விதியை வகுத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வகுக்கவில்லை. எதையாவது அளவாக வைத்தாக வேண்டும். ஆனால் லாக்கப்பில் இரண்டு நாள் அடி வாங்கி அனுப்பப்பட்டவருக்கு என்ன சான்று? தலைமறைவாக இருந்தவருக்கு மூன்று மாதம் சோறு கொண்டுபோன பெண்ணுக்கு? முப்பது ஆண்டு கழித்து விண்ணப்பம் எழுத, சேலத்துக்கு பஸ் ஏற, யாரிடம் காசு இருந்தது?

சுதந்திர வெள்ளிவிழாவின்போது தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் நினைவுத்தூண் நட்டு அந்தந்தப் பகுதித் தியாகிகளின் பெயர்களைப் பொறித்தார்கள். அப்படி ஒன்றை ஓர் அலுவலக வாசலில் பார்க்கப் போயிருந்தேன். சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்து மூடிப்போயிருந்தது. ஈரத் துணியால் துடைத்து, விரலால் தடவித் தடவிப் படித்தேன். ஒரு பெயரில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் கிடைத்தன. பக்கத்தில் இரண்டு சக்கர வாகனங்கள் சாய்த்து நிறுத்தியிருந்தன. பெயர் எழுதப்பட்டவர்களுக்கே இந்தக் கதி.

நாம் நடுகல் நட்ட மண்ணில் பிறந்தவர்கள். ஆநிரை மீட்டுச் செத்த சாதாரண மறவனுக்கும் ஊர் கூடிக் கல் நட்டது. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன. பக்கத்துச் செங்கம் பகுதியில் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்றில், வீரனோடு நின்று திருடனைக் கடித்த நாயின் உருவமும் இருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும் இருக்கிறது. ஒரு நாயின் பெயர் பதின்மூன்று நூற்றாண்டு தாண்டி நமக்குத் தெரிகிறது. நூறு ஆண்டுக்கு முன் சிவாவுக்கு வண்டி ஓட்டியவர் பெயர் பாடத்தில் இல்லை.

ஆகவே பென்ஷன் இல்லையென்றால் தியாகி இல்லையா என்று கேட்டால், என் பதில்: பென்ஷன் ஒரு நிதித் திட்டம். அதற்கு மேல் அதற்குப் பொருள் கொடுக்காதீர்கள்.

எங்கள் ஊர் ஆட்களைப் பற்றி நாங்களே தேட முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். காகிதம் வேண்டுமென்றால் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. சேலம் ஜில்லா என்று கேளுங்கள். வருவாய் வாரியம், வனம், உப்பு, கலால் இவற்றின் கோப்புகளைக் கேளுங்கள். "அரசியல்" என்ற கோப்புகளில் தலைவர்கள்தான் இருப்பார்கள். ஏழை இருப்பது அபராதப் பட்டியலில். அரசு 1973இல் வெளியிட்ட தியாகிகள் விவரத் தொகுப்பிலும் ஊர்ப் பெயரை வைத்துத் தேடலாம்.

காகிதத்துக்கு முன்பே பாட்டிகளிடம் போங்கள், ஏனென்றால் காகிதம் காத்திருக்கும். போகும்போது ஒரு நோட்டும் கைபேசியில் ஒலிப்பதிவும் போதும். தேதி கேட்டு அவர்களைத் திணற வைக்காதீர்கள். "மதுவிலக்குக்கு முன்னாலா பின்னாலா", "சின்ன ரயில் ஓடியபோதா நின்ற பிறகா" என்று கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். தெலுங்கிலோ கன்னடத்திலோ உருதுவிலோ சொன்னால் அப்படியே பதிவு செய்யுங்கள். ஓசூர்ப் பக்கம் பாதிக் கதைகள் தமிழில் இருக்காது. சொன்னவர் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதி, அவர் சம்மதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

"உங்கள் வீட்டில் யாராவது சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டார்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அதெல்லாம் படித்தவர்கள் செய்தது, சாமி" என்று சொல்லி வெற்றிலைப் பையை எடுத்துவிடுவார்கள். உப்பு யார் கொண்டுவந்தார்கள், மாடு பட்டியில் அடைபட்டபோது மீட்கப் போனது யார், கிஸ்திக்கு அண்டாவை ஜப்தி செய்தபோது வாசலில் நின்று தடுத்தது யார், ராத்திரியில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போன வெளியூர் ஆள் யார் என்று கேளுங்கள்.